கணுக்காலும் காரணமும்

1986ல் என் தம்பி என்னிடம் ஒரு ஜோடி ஷூ கேட்டான். நான் அவனுக்கு ஒரு காரணம் கொடுத்தேன். இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது.

அவன் அப்போது திருச்சியில் கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். நான் மெட்ராஸில் குமாஸ்தா. லீவுக்கு வந்தவனைப் பர்மா பஜாருக்கு அழைத்துப் போனேன். வாங்கித்தர அல்ல, காட்ட. ஒரு கடையில் கணுக்காலுக்கு மேல் ஏறி மூடும் வெள்ளைத் தோல் ஷூ ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நானூறு ரூபாய் சொன்னான் கடைக்காரன். பேசியிருந்தால் முந்நூற்றைம்பதுக்கு இறங்கியிருப்பான். தம்பி அதன் கழுத்துப் பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். “கணுக்கால இறுக்கிப் புடிச்சுக்கும்ணா. கால் பிசகாது” என்றான். “பிசகாதுன்னு யார் சொன்னா? விக்கிறவன் சொன்னான். ஆடறது உன் காலா, ஷூவா? கான்வாஸ் போதும்” என்றேன். திரும்புகையில் பஸ்ஸில் எளிமையைப் பற்றி வெகுநேரம் பேசினேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தான்.

அந்த மாதம் என் கையில் நானூற்றைம்பது ரூபாய் உபரியாக இருந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய பத்திரிகையின் மூன்றாம் இதழுக்குக் காகிதம் வாங்க அது போயிற்று. அச்சடித்தது இருநூற்றைம்பது பிரதி. பாதிக்கு மேல் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. நுகர்ச்சி மோகத்தைச் சாடி நான் எழுதிய கட்டுரை ஒன்றும் அந்த இதழில் உண்டு.

அடுத்த வருஷம் ஒரு போட்டியில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காக எம்பியவன் இறங்கும்போது இன்னொருவனின் பாதத்தின்மேல் இறங்கினான். கணுக்கால் மடங்கிற்று. கட்டுப்போட்டுக்கொண்டு, வீக்கம் வடிவதற்குள் மறுபடி ஆடப்போனான். மறுபடி மடங்கிற்று. மூன்றாம் தடவைக்குப் பிறகு அவன் ஆடவில்லை. ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன், வாதாட எனக்குத் தெரியும்.

வாதத்துக்கு வேண்டிய சாட்சியம் பிற்பாடு கிடைக்கத்தான் செய்தது. விளையாட்டு மருத்துவத்துக்கான அமெரிக்க ஏடு ஒன்றில் 1993ல் வெளியான ஆய்வு. கல்லூரியில் கூடைப்பந்து ஆடும் 622 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, புது ஷூக்களைக் கொடுத்தார்கள்: ஒரு பிரிவுக்குக் கணுக்காலை மூடும் உயர ஷூ, இன்னொன்றுக்குத் தாழ்ந்த ஷூ, மூன்றாவதற்கு உயர ஷூவோடு காற்றடித்துக்கொள்ளும் அறைகளும். அந்தக் காலத்தில் மொத்தம் பதினைந்து கணுக்கால் காயங்கள். உயர ஷூவில் ஏழு, தாழ்ந்ததில் நான்கு, காற்றறை வைத்ததில் நான்கு. உயரத்துக்கும் சுளுக்குக்கும் உறுதியான சம்பந்தம் எதையும் காணமுடியவில்லை என்று முடித்திருந்தார்கள். பதினைந்து என்பது சின்ன எண்தான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டமுடியாது. ஆனால் நான் கட்டினேன். 2001ல் ஆஸ்திரேலியாவில் ஆட்டக்காரர்களின் 10,393 பங்கேற்புகளைப் பார்த்து வெளியிட்ட இன்னொரு ஆய்வும் எனக்குச் சாதகமாகவே வந்தது. கணுக்கால் காயத்துக்கு எல்லாவற்றிலும் பெரிய காரணம் முன்பே ஒருதரம் பட்டிருப்பது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதற்கு அடுத்து, ஸ்வாரஸ்யமாக, குதிகாலில் காற்றறை வைத்த ஷூ, 4.3 மடங்கு. ஆட்டத்துக்கு முன் தசைகளை இழுத்து நீட்டிக்கொள்ளாதது மூன்றாவது.

ஆக, பர்மா பஜாரில் நான் சொன்னது உண்மை. அந்த ஷூ அவன் கணுக்காலைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. எனக்கு விடுதலை.

இந்த விடுதலை ஏன் ருசிக்கவில்லை என்பதுதான் என் பிரச்னை.

கான்ட் தம் 1785 நூலில் ஒரு கடைக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்து கேட்டாலும் சரியான விலைக்கே கொடுப்பவர். ஆனால் அப்படி இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்பதற்காக. செயல் சரி, ஊற்றுக்கண் வேறு. ஆகவே தார்மீக மதிப்பு இல்லை என்கிறார் கான்ட். என் நிலை அந்தக் கடைக்காரருடையதைவிட ஒரு படி கீழே. அவருக்குத் தம் விலை சரியானது என்றாவது தெரியும். நான் சொன்னது உண்மை என்று எனக்கே தெரியாது. இருட்டில் எறிந்த கல் மாங்காயில் பட்டது. ஏழு வருஷம் கழித்துப் பட்டது.

பெர்னார்ட் வில்லியம்ஸ் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். ‘தார்மீக அதிர்ஷ்டம்’ என்று 1976ல் அவர் பெயரிட்ட விஷயத்துக்கு அவர் எடுத்த உதாரணம் கோகன் என்ற ஓவியன். சரித்திரத்துக் கோகன் அப்படியே அல்ல, கொஞ்சம் கற்பனை கலந்தவன். குடும்பத்தை உதறிவிட்டுத் தீவுக்குப் போகிறான், ஓவியத்துக்காக. அவன் செய்ததற்கு நியாயம் உண்டா என்பதை அந்தக் கணத்தில் யாரும் சொல்லமுடியாது, அவனே சொல்லமுடியாது. ஓவியம் வந்து சொல்லவேண்டும். வராவிட்டால் அவன் செய்தது வெறும் கைவிடல். சிறுபத்திரிகை நடத்திய ஒவ்வொருவரும் ஒரு சில்லறைக் கோகன் என்பது என் கட்சி. மனைவியின் வளையல், தங்கையின் பரீட்சைக் கட்டணம், தம்பியின் ஷூ. நம்மில் யாருக்கு ஓவியம் வந்தது? என் மூன்றாம் இதழை நாலு வருஷத்துக்கு முன் பரணிலிருந்து இறக்கிப் படித்தேன். இரண்டு கவிதைகள் நிற்கின்றன, இரண்டும் என்னுடையவை அல்ல. எளிமை பற்றிய என் கட்டுரையைப் படிக்கமுடியவில்லை.

இதற்குப் பின்தான் ஷூவின் சரித்திரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நான் மட்டும்தான் காரணத்தைப் பின்னால் தேடிப்பிடித்தேனா, அதைச் செய்தவர்களும் அப்படித்தானா என்று தெரிந்துகொள்ள.

ஆட்டம் பிறந்தபோது அதற்கென்று ஷூ இல்லை. மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை மாட்டி ஆரம்பித்தது. (அங்கே படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர்.) கான்வர்ஸ் கம்பெனியின் ‘ஆல் ஸ்டார்’ 1917ல் வந்தது. கான்வாஸ் துணி, ரப்பர் அடி, கணுக்காலை மூடும் உயரம். சக் டெய்லர் என்ற ஆட்டக்காரர் 1920களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஷூவும் விற்றார். 1930களில் அவர் பெயர் கணுக்காலிலுள்ள வட்டத்தில் ஏறிற்று. கணுக்கால் ஒரு மனிதனின் கையெழுத்துக்கு இடமானது அப்போதுதான். அதன்பின் அந்த இடம் காலியாக இருக்கவில்லை.

நான் தம்பிக்குச் சிபாரிசு செய்த கான்வாஸ் அந்த வம்சத்தின் ஏழைப் பேரன்; நம் பள்ளிகளில் சாக்குக்கட்டி பூசி வெளுக்கவைத்துப் போட்டுக்கொண்டது. அதற்குக் கணுக்கால் உயரமும் கிடையாது.

1969ல் ஆடிடாஸின் ‘சூப்பர்ஸ்டார்’: தோல், தாழ்ந்த வெட்டு, விரல்முனையில் சிப்பி போன்ற ரப்பர். 1973ல் வால்ட் ஃப்ரேஸியருக்காகப் பூமா செய்த ‘க்ளைட்’, அதுவும் தாழ்ந்ததே. அமெரிக்காவின் மேல்மட்ட ஆட்டக்காரர்கள் கணுக்கால் தெரிய ஆடினார்கள். யாரும் அதைத் துணிச்சல் என்று சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு 1982ல் நைக்கியின் ‘ஏர் ஃபோர்ஸ் 1’ வந்து உயரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த ப்ரூஸ் கில்கோர் மலையேறும் பூட்ஸிலிருந்து யோசனை எடுத்து, கணுக்காலைச் சுற்றி ஒரு வாரையும் வைத்தார். ஆனால் அந்த ஷூவில் என்னைக் கவர்ந்தது அது அல்ல, அடிப்பக்கம். பாதத்தின் முன்பகுதிக்குக் கீழே ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். கூடைப்பந்துக்காரன் ஒரு காலை ஊன்றி அதே இடத்தில் சுழலவேண்டும். நேர்க்கோட்டுப் பள்ளங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு விடாது, முழங்கால் திருகிக்கொள்ளும். வட்டம் விட்டுக்கொடுக்கும். ஒரு மனிதன் எப்படித் திரும்புகிறான் என்று பார்த்துவிட்டுப் போட்ட கோடுகள் அவை. காரணம் முன்னால், வடிவம் பின்னால். இந்தச் சரித்திரத்தில் அப்படி நிச்சயமாகச் சொல்லக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை.

அதே ஷூவின் குதிகாலுக்குள் வாயு அடைத்த ஒரு பை உண்டு. வெளியே தெரியாது. 1987ல், கட்டடக்கலை படித்து வந்த டிங்கர் ஹாட்ஃபீல்டு, ஓட்டக்காரர்களுக்கான ஷூ ஒன்றில் குதிகாலை வெட்டி ஜன்னல் வைத்து அந்தப் பையை வெளியே காட்டினார். குழாய்களையும் தூண்களையும் வெளிப்புறத்தில் காட்டும் பாரிஸ் பாம்பிடூ கலைமையம்தான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். மறு வருஷம் அந்த ஜன்னல் கூடைப்பந்துக்கு, ‘ஏர் ஜோர்டன்’ மூன்றாம் ஷூவுக்கு வந்தது. பையைப் பார்க்கமுடிவதால் பாதத்துக்கு அதிகப்படியாக எதுவும் கிடைத்துவிடப்போவதில்லை. கண்ணுக்குக் கிடைக்கிறது. உத்தி தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதப்படும் நம் கவிதைகள் சில நினைவுக்கு வருகின்றன, பெயர் சொல்லவேண்டாம்.

முதல் ‘ஏர் ஜோர்டன்’ 1985ல் கடைக்கு வந்தபோது அதன் உயரத்தையோ அடியையோ சொல்லி விற்கவில்லை. கறுப்பும் சிவப்புமான அந்த நிறத்தை அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் ஆட்சேபித்தது. சங்கம் தடுத்தது, உங்களைத் தடுக்கமுடியாது என்ற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். சங்கம் ஆட்சேபித்தது அந்த ஷூவைத்தானா, ஜோர்டன் அதற்கு முன் போட்ட வேறொன்றையா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். அதே 1985 அக்டோபரில் ஜோர்டனுக்குப் பாதத்தில் எலும்பு முறிந்து அந்தப் பருவத்தின் பெரும்பகுதி ஆடமுடியாமல் போயிற்று. ஷூ விற்றுக்கொண்டிருந்தது. பிறகு 1989ல் நாக்குப் பகுதியில் பந்து போன்ற ஒன்றை அமுக்கிக் கணுக்காலைச் சுற்றிக் காற்றடித்துக்கொள்ளும் ரீபாக் ‘பம்ப்’, 170 டாலர். 1993ன் மூன்றாவது பிரிவுக்காரர்கள் போட்டுக்கொண்டது இந்த யோசனையைத்தான்.

உயரம் அப்புறம் என்ன ஆயிற்று என்பது இன்னும் வேடிக்கை. கால்பந்துக்காரர்கள் தாழ்ந்த ஷூவில் இதைவிட மூர்க்கமாகத் திரும்புகிறார்களே என்று கோபி பிரயண்ட் கேட்க, எரிக் அவார் என்ற வடிவமைப்பாளர் 2009ல் கணுக்காலை முழுக்கத் திறந்துவிட்டார். ஐந்தே வருஷத்தில், 2014ல், அதே பெயர் தாங்கிய ஒன்பதாம் ஷூ முன்பு எதுவும் ஏறாத உயரத்துக்கு ஏறிற்று. இந்தத் தடவை முன்மாதிரி குத்துச்சண்டைக்காரரின் பூட்ஸ். கால்பந்தும் ஒரு காரணம், குத்துச்சண்டையும் ஒரு காரணம். கணுக்கால் அதே கணுக்கால். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிடித்துக்கொள்வதாகத் தோன்றுவதும், சுதந்திரமாக இருப்பதாகத் தோன்றுவதும், ஆடுகிறவனுக்கு உண்மையான அனுபவங்கள். ஆனால் அவை காப்பு அல்ல. தம்பி இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தபோது அவனுக்குக் கிடைத்ததும் அந்த அனுபவம்தான். அதை அவன் ‘பிசகாது’ என்ற வார்த்தையில் சொன்னான். சும்மா ஆசையாக இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் வாங்கித்தரமாட்டான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆசைக்குக் காரணச் சட்டை போட்டு என் முன் நிறுத்தினான். கஞ்சத்தனத்துக்கு நான் காரணச் சட்டை போட்டு அவன் முன் நிறுத்தினேன். இரண்டு சட்டைகள் பேசிக்கொண்டன.

எளிமையைச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஸ்டீஃபன் மார்பரி என்ற ஆட்டக்காரர் 2006ல் தம் பெயரில் ஒரு ஷூவை 14.98 டாலருக்கு விற்கவைத்தார். மற்ற நட்சத்திரங்களின் ஷூக்கள் அப்போது அதைப்போல் பத்து மடங்குக்கு விற்றுக்கொண்டிருந்தன. பணமில்லாத வீட்டுப் பையனும் வெட்கமில்லாமல் வாங்கட்டும் என்பது எண்ணம். மார்பரியே அப்படிப்பட்ட வீட்டுப் பையன்தான். அதை விற்ற கடைத்தொடர் 2008ல் திவாலாயிற்று. நான் இங்கு குறிப்பிட விரும்புவது வேறு: மார்பரி தாமும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு தொழில்முறை ஆட்டங்களில் ஆடினார். தம் கணுக்காலை வைத்துப் பேசினார். நான் தம்பியின் கணுக்காலை வைத்துப் பேசினேன். என் எளிமைக்கு நான் கொடுத்த விலை ஒன்றுமில்லை. என் ஆடம்பரம், அதாவது இருபத்தெட்டு பவுண்டு வெள்ளைத்தாள், பத்திரமாக என்னிடமே இருந்தது.

சென்ற வருஷம் தம்பி ஃபோன் செய்தான். அவன் மகள் சென்னையில் படிக்கிறாள், கல்லூரி அணியில் இருக்கிறாள், ஷூ வாங்கவேண்டுமாம். “நீ கூடப் போய்ட்டு வாண்ணா” என்றான். வேறு யாரையும் அவன் கேட்டிருக்கலாம்.

போனேன். ஒரு முழுச் சாயங்காலம். காலையில் வேண்டாம், சாயங்காலம்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும் என்றாள். ஆடும்போது போடும் கனமான காலுறையைப் பையில் கொண்டுவந்திருந்தாள். முதலில் ஒவ்வொரு ஷூவையும் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் மிருதுவான அடியை உடனே ஒதுக்கினாள். “இது மரத்தரைக்கு பெரியப்பா. எங்க காலேஜ் கோர்ட்டு சிமெண்டு, மூணே மாசத்துல மழுங்கிடும்.” கெட்டி ரப்பர், ஆழமான பள்ளம் இவற்றை மட்டும் எடுத்துவைத்தாள். இரண்டு கையாலும் ஷூவை மடக்கினாள்: விரல் மடங்கும் இடத்தில் மடங்கவேண்டும், நடுவில் மடங்கக்கூடாது. துணி பிழிவதுபோல் முறுக்கினாள். போட்டுக்கொண்டு லேஸை அடியிலிருந்து ஒவ்வொரு கண்ணாக இறுக்கி, எழுந்து நின்று, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கிறதா என்று என்னை அழுத்திப் பார்க்கச் சொன்னாள். நான் குனிந்து அழுத்தினேன். குதித்தாள். பக்கவாட்டில் தாவி நின்றாள். ஒரு காலை ஊன்றிச் சுற்றினாள். குதிகால் உள்ளே வழுக்குகிறது என்று மூன்றைக் கழற்றிவைத்தாள்.

கடைசியில் இரண்டு ஜோடி மிஞ்சின. இரண்டும் பொருந்தின, இரண்டும் சிமெண்டுக்கு ஏற்றவை. ஒன்று சாம்பல் நிறம். இன்னொன்று அதைவிட ஆயிரத்தறுநூறு ரூபாய் அதிகம், ஆரஞ்சு. ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுதான் எனக்குப் புடிச்சிருக்கு” என்றாள். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. அவள் அப்பன் சொல்லமுடியாத வாக்கியம் அது.

நான் ஷூவின் நாக்கில் தைத்திருந்த சீட்டைப் படித்தேன். இந்தியாவில் செய்தது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் தைவான்காரர்களின் ஆலை ஒன்று நைக்கிக்காக ஷூ தைக்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். கம்பெனியின் பெயர் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் மறுபெயராகிவிட்டது என்று அதன் தலைவர் ஃபில் நைட்டே 1998ல் வாஷிங்டனில் ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது. இந்த ஜோடி எந்த ஆலையில் தைத்தது என்று சீட்டில் இல்லை. சாம்பல் நிறத்தின் சீட்டிலும் இல்லை. இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸில் பேசியது ஞாபகம் வந்தது. இதுவும் உண்மைதான், இதுவும் ஆயிரத்தறுநூறு ரூபாய் மிச்சப்படுத்தித் தரக்கூடிய உண்மை. சொல்வதானால் பணத்தைக் கட்டிவிட்டுச் சொல்லவேண்டும். கட்டினேன். பிறகு காப்பி குடிக்கும்போது சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். செய்யாறிலிருந்து அவள் விடுதியில் ஒரு பெண் இருக்கிறாளாம், அவள் அக்கா அந்த மாதிரி ஆலைக்குப் போகிறாளாம், கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

அப்புறம் அவளே ஆரம்பித்தாள். “அப்பாக்கு நல்ல ஷூ இல்லாததாலதான் கால் போச்சுன்னு பாட்டி சொல்லிட்டே இருப்பாங்க.”

எனக்கு இருந்த ஒரே தருணம் அது. 622 பேரைப் பற்றிச் சொன்னேன். ஏழு, நான்கு, நான்கு. ஆஸ்திரேலியா. ஒருதரம் பட்ட கால்தான் மறுபடி படும் என்பது. அவள் ஷூப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள். ஆர்வமாகத்தான் கேட்டாள், ஆய்வு எந்த வருஷம் என்று விசாரித்தாள். சொன்னேன்.

“அப்போ அப்பா கேட்டப்ப அது உங்களுக்குத் தெரியாதுல்ல பெரியப்பா?”

“தெரியாது” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரில் மீதியிருந்த காப்பியைக் குடித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, லேஸ் எல்லாக் கண்ணிலும் சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்த்தாள். இரவு தம்பி ஃபோன் செய்தான். என்ன விலை என்று கேட்கவில்லை. முன்னால் ஒரு விரல் இடம் விட்டிருக்கிறதா என்று கேட்டான். நானே அழுத்திப் பார்த்தேன் என்றேன்.